நாள் 4: அநாதை இல்லம், இரண்டு மணி நேரம்

போன வருடம் மகளின் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நாற்பது பேருக்கு ஆறு நாள் கம்போடியா பயணம். முதல் நாள் சியம் ரீப் போய்ச் சேர்வது. இரண்டாம் நாள் அங்கோர்வாட். சூரிய உதயம் பார்க்க அதிகாலை நாலரைக்கே கிளம்ப வேண்டும், காலைச் சாப்பாடு பொட்டலமாகக் கையில் தரப்படும். மூன்றாம் நாள் டோன்லே சாப் ஏரியில் மிதக்கும் கிராமம். நான்காம் நாள் காலை, ‘அநாதை இல்லக் குழந்தைகளுடன் 2 மணி நேரம். விளையாட்டு, பாட்டு, பரிசு வழங்குதல். சேவைச் சான்றிதழ் உண்டு.’ மதியம் தலைநகர் புனோம் பென்னுக்குப் பஸ்.

கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். ‘ரொம்ப நல்ல முயற்சி மிஸ்’, ‘நம்ம பிள்ளைங்களுக்கும் கஷ்டம்னா என்னன்னு தெரியணும்’ என்று பெற்றோர்களின் பதில்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அழைத்துப் போவதில் நடக்கிற கோளாறுகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு பிடிஎஃபில், நல்ல மனசோடு ஆரம்பிக்கின்றன. விமானம் ஏறிய பிறகு ‘ஒழுங்கா நடந்துக்கோங்க’ என்று அறிவுரை சொல்லி அவற்றைச் சரிசெய்ய முடியாது.

அந்த நான்காம் நாளைப் பிரித்துப் பார்ப்போம்.

கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற தீவிர கம்யூனிஸ்ட் அமைப்பின் கொடுங்கோல் ஆட்சி நடந்தது 1975 முதல் 1979 வரை. சுமார் 17 லட்சம் பேர் மாண்டார்கள், அநாதையான குழந்தைகள் ஏராளம். ஆனால் அன்றைய குழந்தைகளுக்கு இன்று வயது ஐம்பதை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அப்படியானால் இல்லங்களின் எண்ணிக்கை வருடா வருடம் குறைந்திருக்க வேண்டும் இல்லையா? கம்போடிய அரசும் யுனிசெஃபும் 2011இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது வேறு. 2005இல் 154 இல்லங்கள், 2010இல் 269. அவற்றில் இருந்த குழந்தைகள் 6,254 பேரிலிருந்து 11,945 ஆனார்கள். அந்த ஐந்து வருடங்களில் போர் இல்லை, பஞ்சம் இல்லை. ஏறியது சுற்றுலாதான். சுமார் 14 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் அதே காலத்தில் 25 லட்சம் ஆனார்கள். 269 இல்லங்களில் அரசு நடத்தியவை 21 மட்டுமே. மற்றவை ஓடியது பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடையில். உள்ளே இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ, சிலருக்கு இருவருமே, உயிரோடு இருந்தார்கள்.

சில வருடம் கழித்து பதிவில்லாத இல்லங்களையும் சேர்த்து நாடு முழுக்க எண்ணியபோது 406 இல்லங்கள், 16,579 குழந்தைகள் என்று கணக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இல்லங்களில் அதுவரை ஒருமுறைகூட அரசு ஆய்வு நடந்ததில்லை.

பெற்றோர் இருக்கும் குழந்தை அநாதை இல்லத்துக்கு எப்படி வருகிறது? கிராமத்தில் கடன், பள்ளிக்கூடம் தூரம், அப்பா தாய்லாந்துக்கு வேலைக்குப் போனவர், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. அந்த வீட்டுக்கு ஒருவர் வருகிறார். ‘பிள்ளையை டவுனில் வைத்துப் படிக்க வைக்கிறோம், மூன்று வேளைச் சாப்பாடு, இங்கிலீஷ் சொல்லித்தருவார்கள்’ என்கிறார். எந்த அம்மா வேண்டாம் என்பாள்? ஹாஸ்டலில் சேர்ப்பதாக நினைத்துத்தான் அனுப்புகிறாள். பிள்ளை போய்ச் சேரும் இடம், பயணிகள் கூடுகிற ஊர்.

நேபாளத்திலும் இதே கதை. அங்கே இல்லங்கள் பெரும்பாலும் காத்மாண்டு பள்ளத்தாக்கு, போக்ரா, சித்வன் பக்கம்தான் இருந்தன. வறுமை அதிகமுள்ள மேற்கு மலை மாவட்டங்களில் அவ்வளவு இல்லை. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாள அரசு முதலில் செய்த காரியங்களில் ஒன்று, புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியதும் பெற்றோர் துணையில்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கூட்டிப்போகத் தடை விதித்ததும். பேரிடர் வந்தால் ஆள்பிடிக்கிறவர்களும் வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எல்லா இல்லமும் மோசடி என்று சொல்லவில்லை. உண்மையிலேயே போக்கிடம் இல்லாத பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வருகிறவர்கள் தரும் பணத்தில் ஓடும் இல்லத்துக்கு, காட்டுவதற்குக் குழந்தை வேண்டும். குழந்தை வீடு திரும்பிவிட்டால் வரும்படி குறையும். நல்ல துணி, நல்ல கட்டில், சிரித்த முகம் என்று எல்லாம் சரியாக இருந்தால் பை திறக்காது. கொஞ்சம் பாவமாக இருந்தால் திறக்கும். இதைக் கண்டுகொண்ட சிலர் தாங்கள் நடத்தும் இல்லத்தை வேண்டுமென்றே மோசமாக வைத்திருந்தார்கள். ஆக, நம் பிள்ளைகள் நாற்பது பேர் இரண்டு மணி நேரம் போய்வந்து ஒரு பை நோட்டுப் புத்தகமும் கவரில் பணமும் கொடுத்தால், அந்தப் பணம் கிராமத்தில் இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டப் போகிறது.

நமக்கு இது அவ்வளவு அந்நியமான விஷயமும் இல்லை. பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடும் பழக்கம் நம்மூரில் எத்தனை வீட்டில் இருக்கிறது? சில வருடம் முன்பு நானும் போயிருக்கிறேன். மதியம் ஒரு மணி. நீளமான ஹாலில் பிள்ளைகள் சம்மணம் போட்டு இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இலையில் சாதமும் சாம்பாரும் பாயசமும் வைத்தாயிற்று. யாரும் கை வைக்கவில்லை. முதலில் முன்பின் தெரியாத என் மகளுக்காக ஹேப்பி பர்த்டே பாட வேண்டும், அப்புறம் ஒரு பிரார்த்தனை, அப்புறம் நாங்கள் பரிமாறுவதுபோல் போட்டோ. கடைசி வரிசையில் இருந்த ஒரு சின்னப் பையன் பாட்டு பாடிக்கொண்டே அப்பளத்தின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டான். வார்டன் முறைத்தார். அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். அந்த வாரத்தில் அவன் எத்தனை பேருக்குப் பிறந்தநாள் பாட்டு பாடியிருப்பான் என்று எனக்குத் தோன்றியது காரில் ஏறிய பிறகுதான்.

இல்லத்துக்குப் போய்வரும் எல்லோரும் சொல்வது, ‘பார்த்த அஞ்சாவது நிமிஷமே வந்து ஒட்டிக்கிச்சுங்க’ என்பது. பாசம் என்று எடுத்துக்கொள்கிறோம். இப்படிப்பட்ட இல்லங்களில் வளரும் குழந்தைகளைப் பல வருடம் ஆராய்ந்தவர்கள் இதைக் கவலையோடு பார்க்கிறார்கள். நிலையாக ஒரு ஆள் பார்த்துக்கொள்ளும் குழந்தை, புது ஆளைக் கண்டால் முதலில் ஒதுங்கி நிற்கும். உங்கள் வீட்டுக் குழந்தை விருந்தாளி வந்ததும் அம்மா புடவைக்குப் பின்னால் போகிறதே, அதுதான் இயல்பு. யார் வந்தாலும் ஓடிப்போய் மடியில் ஏறும் குழந்தைக்கு, இன்றைக்கு வருகிறவர் நாளைக்கு இருக்க மாட்டார் என்பது பழகிவிட்டது. நாம் இரண்டு மணி நேரம் அன்பு காட்டிவிட்டு பஸ் ஏறும்போது, அதற்கு இன்னொரு பிரிவு.

இந்தப் பின்னணியில்தான் புனோம் பென்னில் 1994 முதல் இயங்கும் ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 2011இல் ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல’ என்ற பிரசாரத்தை ஆரம்பித்தது. அதன் போஸ்டரில் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தைகள் நிற்பார்கள், சுற்றிலும் பயணிகள் கேமராவோடு. பெரிய திருப்பம் நடந்தது ஆஸ்திரேலியாவில். அந்நாட்டுப் பள்ளிகளில் சுமார் 14 சதவீதம் ஏதாவது ஒரு வகையில் வெளிநாட்டு இல்லங்களுக்குப் பயணம் போகின்றன அல்லது பணம் திரட்டித் தருகின்றன என்று ஒரு கணக்கெடுப்பு சொன்னது. 2017 டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு நவீன அடிமைமுறை பற்றித் தந்த அறிக்கை, இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அதில் சேர்த்துப் பேசியது. பள்ளிப் பயணங்களையே தொழிலாக நடத்தும் வேர்ல்டு சேலஞ்ச் போன்ற நிறுவனங்கள் இல்லப் பயணங்களைக் கைவிட்டன. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் ஒன்று, இல்லங்களில் தன்னார்வப் பணி என்ற பெயரில் நடக்கும் சுற்றுலாவின் கேடுகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் நம்மூர் பிடிஎஃபில் அது நான்காம் நாளாக வருகிறது என்றால், பழைய திட்டத்தைத் தேதி மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஏற்கெனவே வருடா வருடம் ஒரு இல்லத்துக்குப் போய்ப் பணம் கொடுத்துவரும் பள்ளி, விஷயம் தெரிந்ததும் மறுநாளே நிறுத்திவிட்டால்? அதுவும் சரியில்லை. அடுத்த மாத அரிசிக்கு அந்தப் பணத்தை நம்பியிருக்கும் குழந்தைகள் அங்கே இருக்கிறார்கள். போவதை உடனே நிறுத்தலாம். பணத்தை, குழந்தைகளைக் குடும்பத்தோடு சேர்க்கும் வேலைக்குப் படிப்படியாகத் திருப்ப வேண்டும். ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்புவது டிக்கெட் வாங்கிக் கொடுப்பதல்ல. குடும்பத்தைத் தேட வேண்டும், அங்கே பாதுகாப்பு உண்டா என்று பார்க்க வேண்டும், பள்ளிச் செலவுக்கு வழி செய்ய வேண்டும், பிறகும் போய்ப் பார்த்துவர வேண்டும். இதையெல்லாம் படம் எடுத்துப் பள்ளி ஆண்டு மலரில் போட முடியாது என்பதால் நன்கொடையாளர்களுக்கு ஆர்வம் குறைவு.

இல்லம் வேண்டாம், சுவர் கட்டலாம், பெயின்ட் அடிக்கலாம் என்றொரு மாற்று உடனே வரும். 2014இல் ஒரு அமெரிக்கப் பெண் தன் பள்ளிக்காலத் தான்சானியா பயணத்தைப் பற்றி எழுதியது உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. நூலகம் கட்டப் போயிருக்கிறார்கள். மாணவிகள் பகலெல்லாம் வைத்த செங்கல் வரிசையை உள்ளூர் ஆட்கள் ராத்திரி பிரித்து, நேராக மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று. நம் வீட்டுக்கு ஒரு சுவர் கட்ட ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கூப்பிடுவோமா? கொத்தனாருக்குத் தினக்கூலி கொடுத்தால் சுவரும் நிற்கும், அவர் வீட்டில் அடுப்பும் எரியும்.

மூன்றாம் நாள் மிதக்கும் கிராமத்திலும் ஒரு பொறி இருக்கிறது. சியம் ரீப்புக்குப் பக்கத்தில் உள்ள சொங் க்னீஸ் படகுத்துறையைப் பற்றிப் பயணிகள் வருடக்கணக்கில் சொல்லிவரும் புகார் இது. படகு பாதி வழியில் ஒரு மிதக்கும் கடையில் நிற்கும். ‘இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு அரிசி மூட்டை வாங்கிக் கொடுங்கள்’ என்பார்கள். விலை சந்தை விலையைவிடப் பல மடங்கு. வாங்கிக் கொடுத்த மூட்டை திரும்பக் கடைக்கே வந்துவிடும் என்பது புகார். அந்த மிதக்கும் பள்ளியின் வகுப்பறை நடுவில் படகு படகாக ஆட்கள் இறங்கி ஏறினால் அங்கே பாடம் எப்படி நடக்கும் என்று கேட்கும் ஆசிரியர்கள் நம் குழுவிலேயே இருந்திருக்க வேண்டும். தங்கள் வகுப்பில் அதை அனுமதிப்பார்களா? யானைச் சவாரி பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2016 ஏப்ரல் வெயிலில் பயணிகளைச் சுமந்த ஒரு யானை அங்கோரில் சுருண்டு விழுந்து செத்தபின் எழுந்த எதிர்ப்பில், அங்கே அந்தச் சவாரியே நின்றுபோனது.

ஐந்தாம் நாள் புனோம் பென். பிடிஎஃபில் ‘துவோல் ஸ்லெங் மியூசியம், 45 நிமிடம்’ என்று ஒரே வரி. எனக்கு நான்காம் நாளுக்கு அடுத்தபடியாக உறுத்தியது இந்த 45 நிமிடம். துவோல் ஸ்லெங் முதலில் ஒரு உயர்நிலைப் பள்ளி. கெமர் ரூஜ் அதை எஸ்-21 என்ற சிறையாக மாற்றியது. 14,000 பேருக்கு மேல் உள்ளே போனார்கள், பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றும் அது பள்ளிக்கூடம் மாதிரியேதான் இருக்கும். மூன்று மாடி, நீள வராந்தா, கட்டம் போட்ட தரை. வகுப்பறைக்குள் நுழைந்தால் செங்கல்லால் அவசரமாக எழுப்பிய சின்னச் சின்னக் கொட்டடிகள். முற்றத்தில் மாணவர்கள் உடற்பயிற்சி செய்ய நட்டிருந்த மரக்கம்பம், கைதிகளைத் தலைகீழாகத் தொங்கவிடப் பயன்பட்டது. சுவர் முழுக்கக் கைதிகளின் புகைப்படங்கள், அவர்களில் சிறுவர் சிறுமியரும் உண்டு. சிரிக்கும் முகத்தின் குறுக்கே கோடு போட்ட பலகை ஒன்று தொங்கும்: இங்கே சிரிக்காதீர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பதினான்கு வயதுப் பிள்ளையை அங்கே கூட்டிப்போகலாமா? கூட்டிப்போகலாம் என்பது என் கட்சி. பள்ளி என்ற கட்டடத்தை என்னவாக வேண்டுமானாலும் மாற்றிவிட முடியும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஷாப்பிங்குக்கும் டின்னருக்கும் நடுவில் செருகிய 45 நிமிடமாக அல்ல. முன்னதாக ஊரிலேயே இரண்டு வகுப்பாவது அந்த வரலாற்றைச் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே வர விரும்பாத பிள்ளை வெளியே மரத்தடியில் ஒரு ஆசிரியரோடு உட்கார உரிமை வேண்டும், யாரும் கேலி செய்யக்கூடாது. அன்று சாயங்காலம் வேறு எதுவும் வைக்கக்கூடாது. பேசத் தோன்றும் பிள்ளை பேசட்டும், தோன்றாத பிள்ளை ஹோட்டல் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அங்கே வழிகாட்டியாக வருபவரின் குடும்பத்திலேயே யாராவது அந்த ஆட்சியில் இறந்திருக்கக்கூடும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லியும் வைக்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் பாதுகாப்பையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். 2015 ஜூன் 5 காலை மலேசியாவின் கினபாலு மலையில் 6.0 அளவு நிலநடுக்கம் வந்தபோது, சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளி மாணவர்கள் பாறையில் இரும்புக் கம்பியும் படிகளும் பதித்த பாதையில் இருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். அந்தக் குழுவில் ஏழு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் சிங்கப்பூரிலிருந்து உடன் போன வழிகாட்டியும் இறந்தார்கள். மலையில் இறந்தவர்கள் மொத்தம் 18 பேர், உள்ளூர் மலை வழிகாட்டிகளும் அதில் அடக்கம். நிலநடுக்கத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிங்கப்பூர் கல்வி அமைச்சகம் இத்தகைய பயணங்களைத் தற்காலிகமாக நிறுத்தி மறுபரிசீலனை செய்தது. உச்சிக்குப் பக்கத்தில் சிக்கியிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கீழே கொண்டுவந்ததில் பெரும் பங்கு அந்த உள்ளூர் வழிகாட்டிகளுடையது. பெற்றோர் கூட்டத்தில் நம் பிள்ளைக்கு எத்தனை லட்சத்துக்கு இன்சூரன்ஸ் என்று எல்லோரும் கேட்போம். நம் பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கப்போகிற ஆளுக்கு இன்சூரன்ஸ் உண்டா, தினக்கூலி எவ்வளவு என்று இதுவரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பணத்தைப் பற்றி இன்னொன்று. அங்கோருக்கு ஒருநாள் டிக்கெட் 37 டாலர். அதில் 2 டாலர், குழந்தைகளுக்கு இலவச சிகிச்சை தரும் கந்தா போபா மருத்துவமனைகளுக்குப் போகிறது. நாற்பது பேர் என்றால் 80 டாலர். யாரும் பாட்டு பாட வேண்டாம், சான்றிதழும் கிடையாது. கலை பார்க்க வேண்டுமானால் சியம் ரீப்பில் ஃபாரே சர்க்கஸ் இருக்கிறது. அகதி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் 1994இல் பட்டாம்பாங்கில் தொடங்கிய கலைப்பள்ளியில் பயின்றவர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு மேடையேறுகிறார்கள். டிக்கெட் எடுத்து உட்கார்ந்து கைதட்டலாம். இல்லத்து முற்றத்தில் தூக்கக் கலக்கத்தோடு அப்சரா நடனம் ஆடும் எட்டு வயதுச் சிறுமிக்குக் கைதட்டுவதற்கும் இதற்கும் உள்ள தூரம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும்.

பயணத்துக்கு வராத பிள்ளைகளைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. ‘நாசா டூர்’ என்று லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஃபுளோரிடாவுக்குக் கூட்டிப்போகும் பள்ளிகள் நம் ஊர்களில் எத்தனை! போய்வந்தவர்கள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு அசெம்பிளியில் மேடையேறும்போது, கீழே வரிசையில் நிற்கும் மற்ற பிள்ளைகள் கைதட்ட வேண்டும். அப்பா ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று சொல்லியிருப்பார்.

கடைசியில் பெற்றோர் கூட்டத்தில் நான்காம் நாளைப் பற்றிக் கேட்டேன். தலைமையாசிரியை கேட்டுக்கொண்டார், மேலே சொன்ன இல்லக் கணக்கை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். இரண்டு அம்மாக்கள் முகம் சுளித்தார்கள், ‘நல்லது செய்ய விடமாட்டேங்கறாங்க’ என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. ஒரு வாரம் கழித்து டூர் ஏஜென்ட் போன் செய்தார். மரியாதையான மனிதர்.

“மேடம், அந்த இல்லம் விசிட்ட எடுத்துட்டோம். உங்க ஸ்கூல்ல சொன்னாங்க.”

“ரொம்ப நன்றிங்க.”

“அந்த ரெண்டு மணி நேரம் இப்ப ஃப்ரீயா இருக்கு. நைட் மார்க்கெட்டு மாதிரி பகல்லயும் ஒண்ணு இருக்கு, ஷாப்பிங் போட்டுக்கலாமா?”